மரம் வெட்டுவது இருக்கட்டும்; இயந்திரம் எந்த வழியாக இறங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் அந்நிய மரங்களான சீகை (வாட்டில்), கற்பூரம் (யூகலிப்டஸ்), பைன் ஆகியவற்றை அகற்றுவது குறித்தும், முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் சென்னா எனப்படும் மஞ்சள் கொன்றையை எடுப்பது குறித்தும் தமிழ் நாளிதழ்களில் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. எத்தனை ஹெக்டேர் முடிந்தது, எத்தனை டன் காகித ஆலைக்குப் போனது, அந்த இடத்தில் புல்வெளி திரும்புமா, சோலை எனப்படும் இயற்கை மலைக்காடு திரும்புமா என்று விவாதமும் நடக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த மரத்தை எடுக்க 7 டன், 20 டன் எடையுள்ள இயந்திரங்கள் சரிவில் எப்படி ஏறின, எந்த வழியாக இறங்கின, அவை போன தடம் அடுத்த மழையில் என்ன ஆயிற்று என்று எழுதுவார் இல்லை. மலைக்காட்டில் மண்ணுக்கு வரும் கேட்டில் பெரும்பங்கு மரம் அறுக்கும் வாளிலிருந்து வருவதில்லை. இயந்திரத்தின் செயினிலிருந்தும் (சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் இரும்புப் பட்டை) சக்கரத்திலிருந்தும்தான் வருகிறது. வேலை உத்தரவு எழுதும் அதிகாரிகளும், டெண்டர் எடுக்கும் ஒப்பந்ததாரர்களும், நிலத்தில் மரம் நிற்கும் எஸ்டேட்காரர்களும் படிப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மலைச்சாலையிலிருந்தே தொடங்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறினால் 36. 20 டன் வகுப்புப் பொக்லைனின் அகலம் சுமார் 2.8 மீட்டர். சாலையில் ஓடும் வண்டிக்கு மோட்டார் வாகன விதி தரும் அகலமோ 2.6 மீட்டர்தான். ஆகவே அதை ஏற்றியதுமே அளவு மீறிய சரக்கு ஆகிவிடுகிறது. தனி அனுமதி வாங்க வேண்டும். அதைச் சுமக்கும், தளம் தாழ்ந்த லோபெட் டிரெய்லரும் இழுக்கும் வண்டியும் சேர்ந்தால் 15 மீட்டருக்கு மேல் நீளும். கொண்டை ஊசி வளைவின் உட்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேராயத்தின் மலைச்சாலை நெறிமுறை. பழைய மலைப்பாதைகளிலும் எஸ்டேட் சாலைகளிலும் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது.

இப்படிப்பட்ட வளைவில் முன்வண்டி திரும்பிவிடும். டிரெய்லரின் பின்சக்கரங்கள் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வந்து மலையோர வடிகாலில் இறங்கும். வளைவில் சாலையின் சாய்வு சட்டென்று மாறும் இடத்தில் லோபெட்டின் அடிவயிறு தார்ச்சாலையில் உரசி உட்கார்ந்துவிடும். அதன் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி அவ்வளவு குறைவு. ஒரே வீச்சில் திரும்பாத வளைவில் முன்னும் பின்னும் எடுத்துத்தான் திருப்ப முடியும். ஏற்றத்தில், முழுச்சுமையோடு, இப்படி நாலு முறை எடுத்தால் கிளட்ச் தீயும். பிரேக்கை மாற்றி மாற்றி மிதிப்பதால் காற்றழுத்தமும் இறங்கும். அழுத்தம் மீண்டும் ஏறும்வரை வண்டியைக் கட்டையில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பின்னால் ஹாரன் அடிக்கிற வரிசைக்கு இது புரியாது. அவசரப்பட்டு எடுப்பதில்தான் வண்டி பின்னோக்கி உருள்கிறது.

இதனால் எங்கள் கருத்து நேரானது. நீலகிரி மேட்டுநிலத்தில் சீகை அகற்ற 20 டன் இயந்திரம் தேவையில்லை. 7, 8 டன் வகுப்பு செயின் பொக்லைன் போதும். அதன் அகலம் 2.2 அல்லது 2.3 மீட்டர், டிரெய்லர் இல்லாமல் சாதாரண லாரியிலேயே ஏறும், எஸ்டேட் சாலையின் பழைய கல்பாலங்கள் தாங்குமா என்ற கவலையும் பாதியாகக் குறையும். பெரிய இயந்திரம் ஒரு நாளில் அதிகம் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்குத் தேவைப்படும் பாதையை வெட்டுவதில் போகும் நாட்களையும் மண்ணையும் யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

லாரியில் ஏற்றும்போது சாய்தளம் 15 டிகிரிக்கு மேல் நிமிரக்கூடாது. லாரித் தளம் ஒரு மீட்டர் உயரமென்றால் சாய்தளத்தின் நீளம் 4 மீட்டராவது இருக்க வேண்டும். இரண்டு பலகையைச் சாய்த்து ‘ஏத்திடலாம்’ என்பது வேண்டாத துணிச்சல். லாரியின் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, செயினில் ஒட்டிய சேற்றை மண்வெட்டியால் வழித்துவிட்டு, நடுக்கோட்டில் நேராக ஏற வேண்டும். சாய்தளத்தின் மேல் திசை திருப்பவே கூடாது. பிசகினால் இறங்கிவிட்டு மறுபடி ஏறுவதுதான் வழி. சாய்தளம் முடிந்து தளம் தொடங்கும் முனையில் இயந்திரம் தராசு போல முன்னுக்குக் கவிழும் நொடி ஒன்று உண்டு. அங்கே வேகம் கூடாது. மழையில் நனைந்த இரும்புத் தளத்தில் இரும்புச் செயின் பிடிக்காது. பழைய டயர்த் துண்டோ மரப்பலகையோ விரித்தாக வேண்டும். மேலே ஏறியபின் பக்கெட்டை மரக்கட்டையின் மேல் இறக்கி, நான்கு மூலையிலும் சங்கிலி போட்டு இறுக்க வேண்டும். சடன் பிரேக் போட்டால் எடையில் 80 சதவீதம் அளவுக்கு முன்னோக்கிய இழுவை வரும் என்பது சரக்குக் கட்டுவோர் கணக்கு. 7.5 டன் இயந்திரத்துக்கு அது 6 டன். நைலான் கயிறு இதற்கு ஆகாது. முதல் ஐந்தாறு வளைவுகள் கடந்ததும் நிறுத்திச் சங்கிலியை மறுபடி இறுக்க வேண்டும். அசைவில் அது கட்டாயம் தளர்ந்திருக்கும்.

நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் இயக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அனுமதிக்கான காரணம் நிலச்சரிவு. 1993-இல் குன்னூர் மலைச்சாலையின் மரப்பாலம் பகுதியிலும், 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்கவும் நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் அனுமதி என்பது எந்த இயந்திரம், எந்த இடத்தில் என்பதோடு நின்றுவிடக் கூடாது. சாலையிலிருந்து அந்த இடம் வரைக்குமான வழியும் அதில் இருக்க வேண்டும்.

இயந்திரம் சாலையை விட்டு இறங்கியதும் முதலில் வரும் குழப்பம் டிகிரிக்கும் சதவீதத்துக்கும் இடையே. கம்பெனியின் விளம்பரத் தாளில் ஏறுதிறன் 70 சதவீதம் என்று இருக்கும். அது 35 டிகிரி. வேலை உத்தரவில் 35 சதவீதத்துக்கு மேல் போகாதே என்று இருந்தால் அது 19 டிகிரி. இரண்டிலும் ‘35’ இருப்பதால் ஆபரேட்டர் ஒன்றை நினைக்க, மேற்பார்வையாளர் ஒன்றை நினைக்கிறார். தவிர, விளம்பரத் தாள் சொல்வது உலர்ந்த கெட்டித் தரையில் நேராக ஏறும் திறன். ஈரச் செம்மண்ணில், இலைச் சருகின் மேல், அடியில் வேரும் குழியும் மறைந்திருக்கும் இடத்தில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சரிவை அளக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளக் கம்பின் ஒரு முனையை மேட்டுப்பக்கத் தரையில் தொடவைத்து, ரசமட்டம் வைத்துப் படுக்கையாகப் பிடித்து, பள்ளப்பக்க முனையிலிருந்து தரை வரை டேப்பால் அளந்தால் போதும். 20 செ.மீ. என்றால் 20 சதவீதம், 35 செ.மீ. என்றால் 35 சதவீதம். தடத்துக்கு 20 சதவீதம் நல்ல வரம்பு. 35-ஐத் தாண்டினால் கயிற்றுத் துணையில்லாமல் எந்த இயந்திரமும் இறங்கக்கூடாது என்பது எங்கள் நிலை.

சரிவில் ஏறுவதும் இறங்குவதும் நேர்க்கோட்டில்தான். குறுக்காகப் போவதும், சரிவின் நடுவில் திரும்புவதும் கவிழ்வதற்கான வழி. செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, தரையின் இழுவை செயினை மேட்டுப்பக்கமாக இழுக்கிறது. ஸ்ப்ராக்கெட் கீழே இருந்தால் அதற்கும் தரைக்கும் இடையில் உள்ள செயின் விறைப்பாக நிற்கும். மேலே இருந்தால் அந்த இடத்தில் தொய்ந்து பல் தாண்டும், ஒரு வேர்க்கட்டையில் இடித்தால் கழன்றும் போகும். சரிவின் நடுவில் கழன்ற செயினை மாட்டுவதைப் போலக் கடினமான வேலை இந்தத் தொழிலில் குறைவு. ஏறும்போது பூமை (பக்கெட்டைத் தாங்கும் நீண்ட கையை) மேட்டுப்பக்கம் நீட்டி, பக்கெட்டைத் தரையிலிருந்து 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் வைத்துப் போனால், வழுக்கத் தொடங்கும் நொடியிலேயே அதை ஊன்றி நிறுத்த முடியும்.

பக்கெட் பல்லை மண்ணில் குத்தித் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஏறுவது பல ஆபரேட்டர்களுக்குக் கைவந்த வித்தை. பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் குத்திய மண் பிடி விட்டால் நிற்க வேறொன்றும் இல்லை. ஆர்ம் சிலிண்டரின் சீலும் சுழல்தட்டு பேரிங்கும் இதில்தான் சீக்கிரம் போகின்றன. சேற்றிலிருந்து வெளியேற ஒரு முறை, இரு முறை செய்யலாம். அதையே ஏறும் முறையாக வைத்துக்கொள்ளக் கூடாது.

டயர் வைத்த ஜேசிபி வேறு கதை. 7.5 டன் எடை நான்கு டயரில் இறங்குகிறது. செயின் பொக்லைன் கிட்டத்தட்ட அதே எடையை இரண்டு நீண்ட பட்டைகளில் பரப்புவதால், தரையின் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் அரை கிலோவுக்கும் குறைவாகவே கொடுக்கிறது. மழைக்காலச் செம்மண்ணில் ஜேசிபியின் பின்டயர் ஒரே இடத்தில் சுழன்றால் சில நொடிகளில் குழி விழும். அதைக் காட்டுக்குள் இறக்காமல் சாலையோரத்திலேயே, லாரிக்கு ஏற்றுகிற வேலைக்கு வைத்துக்கொள்வது நல்லது. அடிமரத்தைச் சாய்வாக வெட்டிவிட்ட சீகைக் கட்டைகள் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும் என்பது இன்னொரு காரணம். எந்த இயந்திரமானாலும் தடத்தில் உள்ள அடிக்கட்டைகளைத் தரையோடு தரையாக, 10 செ.மீ.க்கு மேல் நிற்காதபடி, மட்டமாக அறுத்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

டீசல் அளவைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். செங்குத்துச் சரிவில் டேங்கில் உள்ள டீசல் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால் உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும், இன்ஜின் நிற்கும். இன்ஜின் நின்றால் ஹைட்ராலிக் அழுத்தமும் போகும். ஆகவே சரிவு வேலைக்குப் பாதி டேங்குக்குக் கீழே இறங்கவே விடக்கூடாது. இன்ஜின் ஆயிலுக்கும் இதே விதி. இன்னொன்று, உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத டீசல் இன்ஜின் அந்த உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். கோவையில் சோதித்துப் பார்த்த பழைய டிராக்டர் உதகையை அடுத்த அவலாஞ்சிப் பக்கம் திணறினால், மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

கயிறும், அதை உருளையில் சுற்றி இழுக்கும் வின்ச்சும்தான் இந்த வேலையின் மையம். அரைகுறை அறிவு ஆளைக் கொல்வதும் இங்கேதான். கணக்கு எளிது. 7.5 டன் இயந்திரம் 20 டிகிரிச் சரிவில் நிற்கிறது. அதைக் கீழே இழுக்கும் விசை எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2.5 டன். இளகிய மண்ணில் உருள்வதற்கான தடை இன்னும் ஒரு டன் சேரும். ஆக மொத்தம் 3.5 டன். அடிவயிறு வரை சேற்றில் புதைந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. இழுக்கத் தேவையான விசை இயந்திரத்தின் முழு எடையை நெருங்கும். அப்போது முதலில் மண்வெட்டியை எடுக்க வேண்டும், வின்ச்சை அல்ல. செயினுக்கு முன்னால் இருக்கும் சேற்றை வெட்டி, கட்டைகளை அடியில் திணித்த பிறகு இழுத்தால் பாதி விசையில் வெளியே வரும்.

16 மி.மீ. இரும்புக் கயிறு, நல்ல நிலையில், 15 டன் அளவில் அறுபடும். ஐந்தில் ஒரு பங்குதான் வேலைச்சுமை என்று கொண்டால் 3 டன். மேலே சொன்ன 3.5 டன்னுக்கு அது போதாது. 20 மி.மீ. கயிறு வேண்டும், அல்லது கப்பி போட்டு இரட்டைக் கயிறாக்க வேண்டும். கப்பி இயந்திரத்தின் கொக்கியில் மாட்டப்பட்டு, கயிறு மேலே திரும்பிப் போய் வேறொரு பிடிமானத்தில் முடிந்தால் ஒவ்வொரு கயிற்றிலும் பாதிச் சுமைதான் வரும். அதே கப்பியைத் திசை திருப்புவதற்காக ஒரு மரத்தில் கட்டினால், அந்த மரத்துக்குக் கயிற்றின் சுமை கிட்டத்தட்ட இரட்டிப்பாக இறங்கும். கயிற்றில் 3 டன், மரத்தில் 6 டன். கப்பி போட்டால் சுமை குறையும் என்ற ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான்.

பிடிமானமாகச் சீகை மரத்தை நம்பவே கூடாது. மேலோட்டமான வேர்; மழையில் தானாகவே சாய்கிற மரம் அது. பைனும் அப்படியே. புதிதாக வெட்டிய பெரிய கற்பூர அடிக்கட்டை நல்ல பிடிமானம். இரண்டு மூன்று வருடம் ஆன கட்டையென்றால் வேர் உளுத்திருக்கும். ஒற்றைக் கட்டை சந்தேகமாக இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள இன்னும் இரண்டு கட்டைகளோடு இழுத்துக் கட்டிச் சுமையைப் பகிர வேண்டும். கட்டையே இல்லாத புல்சரிவில், 30 செ.மீ. பருமனும் 2 மீட்டர் நீளமும் உள்ள கட்டையைக் குறுக்காக ஒன்றரை மீட்டர் ஆழத்தில் புதைத்து அதில் கட்டலாம். சோலை மரத்தில் கட்டுவதைத் தவிர்ப்பதே முறை. வேறு வழியில்லையென்றால் சாக்கு சுற்றி, பட்டை ஸ்லிங்கில்தான் (சுமை தூக்கும் அகலமான நாடா) கட்ட வேண்டும். இரும்புக் கயிற்றை நேராகச் சுற்றினால் மரப்பட்டையை வளையமாக அறுத்துவிடும், மரம் நின்றபடியே சாகும். ஸ்லிங்கின் நிறமே அதன் திறனைச் சொல்லும்: மஞ்சள் 3 டன், சிவப்பு 5 டன். நிறம் வெளுத்து எழுத்து அழிந்த ஸ்லிங்கைக் கொண்டு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.

கயிற்று முனையில் கண்ணி போடும்போது, கயிற்றைக் கவ்வும் யு கிளாம்பின் சேணப் பக்கம் (தட்டையான அடிப்பகுதி) சுமை தாங்கும் நீளக்கயிற்றின் மேலும், வளைந்த கம்பிப் பக்கம் குட்டை முனையின் மேலும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் வளைகம்பி சுமைக்கயிற்றை நசுக்கும். 16 மி.மீ. கயிற்றுக்கு மூன்று கிளாம்ப், 10 செ.மீ. இடைவெளியில், முதல் சுமை ஏறியதும் மறுபடி முறுக்க வேண்டும். முடிச்சுப் போட்ட கயிறு கயிறே அல்ல. ஒரு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி கயிற்றை ஒரு முறை சுற்றிவரும் தூரம்) 6 கம்பிகள் அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் 3 அறுந்திருந்தாலோ கழித்துவிட வேண்டும். வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் இழுவிசை, உருளையில் முதல் அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போது கிடைப்பது; மேலே அடுக்கு ஏற ஏற விசை குறையும். அதற்காக முழுவதும் அவிழ்த்துவிடவும் கூடாது, உருளையில் ஐந்து சுற்றாவது இருக்க வேண்டும். இழுக்கும்போது கயிறு வளையும் கோணத்தின் உட்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. கப்பி பிய்ந்தால் கயிறு அந்தப் பக்கம்தான் பாயும். கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டு வைப்பது அறுந்தால் வீச்சைக் கொஞ்சம் குறைக்கும். கொஞ்சம்தான்.

நியூசிலாந்தில் செங்குத்துச் சரிவுகளில் மரம் வெட்டும் இயந்திரத்தை மேலே நிற்கும் இன்னொரு இயந்திரத்தின் கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள். அங்கே கயிற்றில் ஏற்றும் இழுவை, அறுபடும் சுமையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதைவிட முக்கியமான விதி, கயிறு இல்லாவிட்டாலும் இயந்திரம் நின்ற இடத்தில் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது. கயிறு இழுவைக்குத் துணை, தொங்கவிடுவதற்கு அல்ல. நம் ஊரில் இந்த வேறுபாடு இன்னும் பழகவில்லை.

மண்ணுக்கு வருவோம். ஒரே தடத்தில் இயந்திரம் போகும் முதல் நான்கைந்து நடையிலேயே மண் இறுகுவதில் பெரும்பகுதி முடிந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை முறை போனாலும் கூடுதல் சேதம் ஒப்பீட்டளவில் குறைவு. எனவே ‘ஒரே வழியில் போனால் கெட்டுவிடும், பரவலாகப் போவோம்’ என்று காடெங்கும் ஓட்டுவது தலைகீழான யோசனை. சில தடங்களை முன்கூட்டியே குறித்து, சுண்ணாம்போ ரிப்பனோ கட்டி, அதிலேயே போய்வர வேண்டும். அந்தத் தடத்தில் வெட்டிய கிளைகளை 30 செ.மீ. கனத்துக்கு விரித்தால் செயின் மண்ணைத் தொடாது. ஆனால் காய் பிடித்த சீகைக் கிளைகளை விரிக்கக் கூடாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். கிளறிவிட்ட மண்ணில் வெயில் பட்டதும் புல் போல முளைக்கும். ஒழிக்க வந்த மரத்தை நாமே வரிசையாக விதைத்துவிட்டுப் போனதாக ஆகும். இதே காரணத்துக்காக ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும் முன் செயின், ரோலர், அடித்தட்டு ஆகியவற்றில் ஒட்டிய மண்ணை அங்கேயே வழித்துவிட வேண்டும்.

இன்று வேலை செய்யலாமா என்று தீர்மானிக்க வானிலை அறிக்கை தேவையில்லை. தடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சிலைவிட மெல்லிய, 3 மி.மீ. திரியாக உடையாமல் உருண்டால் இயந்திரத்தை நிறுத்திவிடலாம். பொடிந்து உதிர்ந்தால் வேலை தொடங்கலாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் இன்னொரு சிக்கல் உண்டு. காலையில் கல்லாக இருக்கும் தரை, வெயில் ஏறியதும் மேல் ஓரங்குலம் மட்டும் உருகி, அடியில் கெட்டியாக இருக்கும். எண்ணெய் தடவிய தட்டில் நிற்பதுதான் அது. அந்த இரண்டு மணி நேரம் சரிவில் எதையும் நகர்த்த வேண்டாம்.

ஓடையைக் கடக்க வேண்டியிருந்தால் குறுக்காக, நேர்க்கோணத்தில், பாறைத் தளம் உள்ள இடத்தில், வறண்ட மாதத்தில். கட்டைகளை நீரோட்டத் திசையிலேயே அடுக்கி, நடுவில் குழாய் வைத்து, மேலே கிளை விரித்துப் போகலாம். வேலை முடிந்த அன்றே எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். விட்டுப்போனால் முதல் வெள்ளத்தில் அது அணையாகும், பிறகு உடையும். மேட்டுநிலப் புல்வெளிக்கு நடுவே பச்சைப்பசேலென்று தெரியும் சதுப்பு அதைவிட மோசம். ஒரு மீட்டர் இரும்புக் கம்பியைக் கையால் அழுத்தினாலே முழுவதும் இறங்குகிற இடத்தில் எந்த இயந்திரமும் கால் வைக்கக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். அங்கே மாட்டிய இயந்திரத்தை எடுக்க இரண்டாவது இயந்திரம் வரும், இரண்டும் சேர்ந்து சதுப்பின் நீரோட்டத்தையே அறுத்துவிடும்.

தடத்தை மூடுவது எல்லோரும் கைவிடும் வேலை. இயந்திரம் இறங்கிய தடம் மழையில் தானாகவே வாய்க்கால் ஆகிவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அப்படியொரு நாளில் மூடாத தடம் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. தடத்துக்குக் குறுக்கே சற்றே சாய்வாக, 30 செ.மீ. உயரத்துக்கு மண்வரப்பு போட்டு நீரைப் பக்கத்துப் புல்லிலோ சருகிலோ திருப்பிவிட வேண்டும். 10 சதவீதச் சரிவில் 24 மீட்டருக்கு ஒரு வரப்பு. 15-இல் 18 மீட்டருக்கு ஒன்று. 20-இல் 14 மீட்டருக்கு ஒன்று. 30 சதவீதத்தில் 10 மீட்டருக்கே ஒன்று வேண்டும். வரப்பின் கீழ்முனை திறந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் அது குட்டையாகி உடையும். அதே பொக்லைன் திரும்பி வரும்போது பக்கெட்டால் போட்டுக்கொண்டே வரலாம், தனிச் செலவு கிடையாது. தடத்தின் கடைக்கோடியிலிருந்து சாலையை நோக்கி வரும் வரிசையில் போட வேண்டும். சாலைப்பக்கம் முதலில் போட்டால் அதன் மேலேயே ஏறி மிதிக்க நேரும்.

இயந்திரமே இறங்கக் கூடாத சரிவுகளும் உண்டு. அங்கே டிராக்டர் வின்ச்சைச் சாலையிலேயே நிறுத்தி, கயிறை மட்டும் கீழே அனுப்பிக் கட்டைகளை இழுக்கலாம். அதுவும் முடியாத இடத்தில் அடிமரத்தில் பட்டையை வளையமாக உரித்து, நின்றபடியே காயவிட்டு விட்டுவிடுவது மேல். விற்கும் மரம் கிடைக்காது, மண் நிற்கும். காய்ந்த மரம் விழும் என்பதால் ஆட்கள் நடமாடும் வழியோரத்தில் மட்டும் இது ஆகாது. கயிறை அனுப்பு, எடையை அனுப்பாதே என்பது இந்தப் பக்கத்துக் காடுகளுக்குப் புதிதல்ல. ஆனைமலையில் கட்டைகளைச் சரிவில் தள்ளிவிட்ட இடத்துக்குத்தான் டாப்சிலிப் என்று பெயர். பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்குக் கொச்சி சமஸ்தானம் போட்ட காட்டு டிராம்வே 1963 வரை ஓடியது. ஏறத்தாழ 80 கி.மீ. செங்குத்தான இடங்களில் மரம் ஏற்றிய வண்டி இறங்கும் எடையாலேயே, அதே கயிற்றின் மறுமுனையில் காலி வண்டி மேலே ஏறியது. அந்த டிராம்வே காட்டைக் காலி செய்யப் போடப்பட்டது என்பது வேறு விஷயம். கயிற்று வேலை கச்சிதம்.

எங்கள் கோரிக்கை வனத்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும். அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கு அரசு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அந்தப் பணிக்கான ஒவ்வொரு வேலை உத்தரவிலும் இயந்திரத் தடத்தின் வரைபடம் ஒன்று இணைக்கப்பட வேண்டும். சாலையில் எங்கே இறக்குவது, எந்தத் தடம், அதன் அதிகபட்சச் சரிவு எவ்வளவு சதவீதம் என்பதை டிகிரியிலும் சேர்த்து எழுத வேண்டும். இயந்திரத்தின் எடைக்கும் அகலத்துக்கும் உச்சவரம்பு வேண்டும். கயிறு, ஸ்லிங், ஷேக்கிள் (இணைப்பு வளையம்) இவற்றின் திறன் சான்றை வேலை தொடங்கும் முன் வனச்சரகர் பார்க்க வேண்டும். மண் உருட்டிப் பார்த்து வேலையை நிறுத்திய நாட்களுக்கு ஒப்பந்ததாரரிடம் அபராதம் பிடிக்கக் கூடாது. இப்போது காலக்கெடுவுக்குப் பயந்துதான் ஈர மண்ணில் இயந்திரம் ஓடுகிறது. கடைசியாக, பில் தொகையில் ஒரு பகுதியைத் தடம் மூடும் வேலைக்கென்று ஒதுக்கி, முதல் பருவமழை தொடங்கிய பிறகு வரப்புகளைச் சரகர் நேரில் நடந்து பார்த்த பின்பே விடுவிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது; ஏப்ரல், மேயில் முடிகிற வேலைகளுக்கு இந்தப் பார்வை ஜூலைக்குள் நடந்தால், உடைந்த வரப்பை வடகிழக்குப் பருவமழைக்கு முன் மண்வெட்டியாலேயே சரிசெய்துவிடலாம். அதைத் தாண்டினால் மறுபடியும் பொக்லைனைத்தான் இறக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மலைப்பகுதி மரவேலை இயந்திரப் பணியாளர்கள் சிலர்,
நீலகிரி மாவட்டம்.